டாட் நெட் சட்டகம் கணினியின் உறுதியைக் குலைக்குமா?

கணினி இன்று நம்மவர் இல்லங்களில் ஆடம்பரப் பொருள் அன்று. ஸ்ரீவராகத்துக் குளத்தைச் சூழ்ந்த தெருக்களிலும், கோட்டைப் பகுதியிலும், மணக்காட்டிலும், கரமனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அதனை வீட்டின் இன்றியமையாப் பொருள்களுள் ஒன்றாகவே கொண்டுவிட்டன. சாலைக் கடைத்தெருவில் வணிகம் புரிவோர் கொள்முதல், விற்பனைக் கணக்குகளை அதில் எழுதி வைக்கின்றனர். 1990-ஆம் ஆண்டில் கழக்கூட்டத்தில் தோன்றிய டெக்னோபார்க்கில் அலுவல் பார்க்கும் நம் மக்கள் இரவு வேளைகளில் வீட்டிலிருந்தே அதனைக் கொண்டு பணி செய்கின்றனர். கல்லூரி மாணவர் தம் பாடக் கட்டுரைகளை அதில் எழுதுகின்றனர். கடல் கடந்து சென்ற மகனின் முகத்தைத் தாய் காண்பதும் அதே திரையில்தான்.

இத்தகைய பொருள் ஒன்று திடீரென நின்றுவிடுமாயின் வீட்டில் உண்டாகும் கலக்கம் சிறிதன்று. ஆதலின், கணினியைக் குறித்த அச்சங்களும் நம்மிடையே எளிதில் வேர்விடுகின்றன. அவற்றுள் ஒன்று, ‘டாட் நெட்’ எனப்படும் இயக்கச் சட்டகத்தைப் பற்றியது. ஏதோ ஒரு மென்பொருளை நிறுவ முயலும்போது, “முதலில் டாட் நெட் சட்டகத்தை நிறுவுக” என்று கணினி கேட்கிறது. உடனே அருகிலிருப்பவர், “அதை மட்டும் போடாதீர்கள்; போட்டால் கணினி தடுமாறும்; பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டி வரும்” என்கிறார். கேட்டவர் மனம் குழம்பிக் கையை எடுத்துவிடுகிறார்.

இவ்வச்சத்தால் விளையும் கேடு மூவகைப்படும். சட்டகத்தை மறுப்பவருக்குத் தேவையான மென்பொருள் கிடைப்பதில்லை. முன்பே இருந்த சட்டகத்தை ‘வீண் சுமை’ எனக் கருதி நீக்குபவருக்கு, அதுவரை ஓடிய கணக்கு மென்பொருளும் மறுநாள் ஓட மறுக்கிறது. மூன்றாவது கேடே பெருங்கேடு. குற்றம் எதுவென ஆராயாமல் வட்டு முழுவதையும் அழிக்க இசைபவர், பத்தாண்டுக் கணக்கையும், திருமணப் படங்களையும், மறைந்த பெரியோரின் குரற்பதிவையும் ஒருங்கே இழந்துவிடுகிறார். ஆதலால் இவ்வினாவைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நலம். நம் முடிவை முன்னரே கூறிவிடுகிறோம்: டாட் நெட் சட்டகம் கணினியின் உறுதியை இயல்பாகக் குலைப்பதன்று. ஆயினும், அச்சம் முற்றிலும் காரணமின்றிப் பிறந்ததும் அன்று.

சட்டகம் என்பது யாது?

தமிழகத்துச் சிற்றூரிலிருந்து புதிதாக இந்நகருக்கு வந்த முதியவர் ஒருவர் வில்லேஜ் ஆபீசுக்குச் செல்வதாகக் கொள்வோம். அவருக்கு மலையாளம் தெரியாது. ஆதலின் இங்கேயே பிறந்து வளர்ந்த பேரனை உடன் அழைத்துச் செல்கிறார். தாத்தா தமிழில் சொல்லச் சொல்ல, பேரன் அவ்வப்போதே மலையாளத்தில் எடுத்துரைக்கிறான். டாட் நெட் சட்டகம் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

சி ஷார்ப் போன்ற மொழிகளில் எழுதப்படும் மென்பொருள், கணினியின் நேரடி மொழியில் வருவதில்லை. இடைமொழி ஒன்றில் வருகிறது. அதனை இயக்கும் வேளையில் அந்தந்தக் கணினியின் மொழிக்கு மாற்றித் தருவது சட்டகத்தின் முதற்கடமை. இரண்டாவது கடமை, பொதுப் பண்டங்களைத் தருவது. கோப்பைத் திறத்தல், எழுத்தைத் திரையிற் காட்டல், வலையோடு தொடர்பு கொள்ளல் முதலிய பணிகளுக்குரிய ஆயத்தப் பகுதிகள் அதன் நூலகத்தில் உள்ளன. கல்யாண மண்டபத்தில் அண்டாவும் அடுப்பும் இருக்குமாயின், சமையற்காரர் தம் கைக்கரண்டியோடு வந்தாற் போதும் அன்றோ? மூன்றாவது கடமை, பந்தி முடிந்தபின் இலை எடுப்பவர் செய்யும் பணியை ஒத்தது. மென்பொருள் பயன்படுத்தி முடித்த நினைவக இடத்தைச் சட்டகமே கண்டறிந்து மீட்டுக்கொள்கிறது.

இம்மூன்றாவது கடமை உறுதியைக் குலைப்பதற்கு மாறாக உறுதியை வளர்ப்பதாகும். பழைய முறையில் எழுதப்பட்ட மென்பொருள்கள் தமக்கு உரிமையில்லாத நினைவிடத்தில் கை வைத்து வீழ்வது பெருவழக்கு. அத்தகைய பிழைகளுட் பலவற்றைச் சட்டகம் நிகழாமலே தடுத்துவிடுகிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. சட்டகம் வட்டில் இருப்பதனாலேயே எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. அதனை வேண்டும் மென்பொருள் திறக்கப்படும்போதே அது நினைவகத்தில் ஏறுகிறது. மென்பொருள் மூடப்பட்டால் தானும் இறங்கிவிடுகிறது.

அச்சம் பிறந்த கதை

நெருப்பில்லாமற் புகையாது என்பர். இப்புகைக்கும் சில நெருப்புகள் இருந்தன. அவற்றை மறைத்தல் முறையன்று.

1990-களில் விண்டோஸ் கணினிகளில் ‘டிஎல்எல்’ எனப்படும் பொதுக் கோப்புகள் பெருந்தொல்லை கொடுத்தன. புதிதாக நிறுவப்படும் ஒரு மென்பொருள், தனக்கு வேண்டிய பொதுக்கோப்பின் வேறொரு பதிப்பைப் பழையதன் மேலேயே எழுதிவிடும்; அதனை நம்பியிருந்த மற்றொரு மென்பொருள் வீழ்ந்துபடும். இந்நோய்க்கு மருந்தாகவே, 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த டாட் நெட் முதற்பதிப்பு, ஒரே கோப்பின் பல பதிப்புகள் அருகருகே வாழும் முறையைக் கொண்டுவந்தது. ஆயினும், ‘பொதுக்கோப்பு என்றாலே இடர்’ என்ற பழைய நினைவு மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. நோயின் பழி மருந்தின் மேல் விழுந்தது என்னலாம்.

அடுத்தது அதன் பருமன். 2008-இல் வந்த 3.5 பதிப்பின் முதல் திருத்தத்தொகுதி முழுமையாக ஏறக்குறைய 231 மெகாபைட் அளவுடையது. அக்காலத்து 256 கிலோபிட் இணைப்பில், தடையின்றி வந்தாலும், அதனை இறக்கிக்கொள்ள இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போய், நிறுவல் பாதியில் நின்று, பழுதுபட்ட சட்டகத்தோடு போராடியவர்க்கு அதன்மேல் வெறுப்பு வந்ததில் வியப்பில்லை.

மூன்றாவது காரணம் நிறுவியபின் தோன்றும் மந்தம். சட்டகத்தையோ அதன் திருத்தத்தையோ நிறுவி முடித்ததும், கணினியின் விசிறி இரைவதும் எல்லாம் மெதுவாவதும் பலர் கண்ட காட்சி. இடைமொழியில் உள்ள நூலகப் பகுதிகளை முன்கூட்டியே கணினி மொழிக்கு மாற்றி வைக்கும் துணைப்பணி ஒன்று அப்போது நடைபெறுகிறது. இன்றியமையாத பகுதிகளைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு, எஞ்சியவற்றைக் கணினி ஓய்ந்திருக்கும் வேளைகளில் அது செய்துகொள்ளும். வேலை முடிந்ததும் தானே அடங்கிவிடும். இதனை அறியாதவர், “போட்ட அன்றே மெதுவாகிவிட்டது” என்று முடிவுகட்டி, வேலை நடுவிற் கணினியை அணைத்துவிடுகின்றனர்.

நான்காவது காரணம் உற்பத்தியாளரின் பிழைகள். 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 3.5 பதிப்பின் திருத்தத்தொகுதி பயர்பாக்ஸ் உலாவியினுள் துணைக்கருவி ஒன்றைப் பயனரைக் கேளாமலே நுழைத்தது. அதனை நீக்கும் பொத்தானும் செயல்படாதிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டபோது, உலாவியைப் பேணும் மொசில்லா அமைப்பே அதற்குத் தடை விதிக்க நேர்ந்தது. 2018 ஜூலையில் வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் வேறொரு தொல்லையைத் தந்தன. குறைந்த உரிமையோடு ஓடிய சில மென்பொருள்கள், சிறப்பாக அலுவலகச் சேவைக் கணினிகளில் உள்ளவை, “அனுமதி மறுக்கப்பட்டது” என்று கூறி நின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் அத்திருத்தங்களின் விநியோகத்தை நிறுத்திப் பின்னர்ச் சரிசெய்தது.

இவையெல்லாம் உண்மை நிகழ்ச்சிகள். ஆனால் ஒன்றை நோக்குதல் வேண்டும். முதலில் நுழைந்தது உலாவிக்குரிய துணைக்கருவி. பின்னையதில் நின்றவை தனித்தனி மென்பொருள்கள். இரண்டிலும் விண்டோஸின் அடித்தளம் சரியவில்லை.

நிலைகுலைவு என்பது எது?

ஒரு மென்பொருள் நின்றுபோதல் வேறு. கணினியே நின்றுபோதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே குழப்பத்தின் ஆணிவேர்.

விண்டோஸில் இரு தளங்கள் உண்டு. கீழ்த்தளம் ‘கெர்னல்’ எனப்படும் கருவறை போன்றது. நினைவகம், வட்டு, திரை முதலியவற்றை ஆளும் அதிகாரம் அங்கே உள்ளது. திரை அட்டை முதலியவற்றின் டிரைவர்கள் பலவும் அங்கே இயங்குகின்றன. மேல்தளம் அடியார்கள் நிற்கும் மண்டபம் போன்றது. நாம் திறக்கும் மென்பொருள்கள் அங்கே இயங்குகின்றன. மண்டபத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் அவரை அப்புறப்படுத்தினாற் போதும், வழிபாடு தொடரும். கருவறையில் கேடு நேர்ந்தாலோ திருநடையையே சாத்த வேண்டும். கணினியில் நீலத்திரை தோன்றி எல்லாம் நின்றுவிடுவது இவ்விரண்டாம் வகை.

டாட் நெட் சட்டகம் மண்டபத்தில் நிற்பது, கருவறைக்குள் இயங்குவதன்று. அதில் ஓடும் மென்பொருள் பிழை செய்தால் அம்மென்பொருள் வீழும், பெரும்பாலும் அவ்வளவே. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் நீலத்திரை காட்டி நின்றதும், விமான நிலையங்களில் மக்கள் தவித்ததும் நாம் அறிந்தவை. அதற்குக் காரணமாயிருந்தது கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான திருத்தம். அம்மென்பொருளின் ஒரு பகுதி கெர்னலுள் இயங்கியது. ஆதலின் சிறு பிழையும் பேரிடராயிற்று. இடத்தைப் பொறுத்ததே இடரின் அளவு.

பழி சுமக்கும் தூதுவன்

அங்ஙனமாயின், சட்டகத்தின் பெயர் ஏன் எப்போதும் குற்றப்பட்டியலில் இடம் பெறுகிறது? இதற்கும் விடை உண்டு. டாட் நெட்டில் எழுதப்பட்ட ஒரு மென்பொருள் தன் பிழையால் வீழும்போது, விண்டோஸின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ‘டாட் நெட் ரன்டைம்’ என்ற பெயரில், 1026 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு பதிவாகிறது. அதனைப் படிப்பவர், “டாட் நெட் வீழ்ந்தது” என்று பொருள் கொள்கிறார். உண்மையில் அது, “இன்ன மென்பொருள் இன்ன பிழையால் வீழ்ந்தது” என்று சட்டகம் தரும் செய்தியே. மனுவை அதிகாரி மறுத்தார் என்று பேரன் வந்து தாத்தாவிடம் சொன்னால், மறுத்தவன் பேரன் எனக் கொள்வார் உண்டோ?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் இங்கே உண்டு. திரை அட்டை ஒன்றை வாங்கி அதன் குறுந்தகட்டை இட்டால், டிரைவரும் துணை மென்பொருள்களும் அவற்றோடு டாட் நெட் சட்டகமும் ஒருசேர நிறுவப்படுவதுண்டு. மறுநாள் நீலத்திரை தோன்றினால், புதிதாக வந்தவற்றுள் பெயர் தெரிந்தது டாட் நெட் ஒன்றே ஆதலின் பழி அதன்மேல் ஏறுகிறது. கெர்னலுள் இயங்கும் டிரைவரையே முதலில் ஐயுறுதல் அறிவுடைமை.

இவ்வாராய்ச்சியை ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். விண்டோஸில் ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்னும் நாட்குறிப்பு உள்ளது. எந்நாளில் எது நிறுவப்பட்டது, எந்நாளில் எது வீழ்ந்தது என்பதை அது வரிசைப்படுத்திக் காட்டி, கணினியின் உறுதிக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண்ணும் இடுகிறது. சட்டகம் நிறுவிய நாளுக்கு முன்பே வீழ்ச்சிகள் தொடங்கியிருப்பின், வழக்கு அங்கேயே முடிந்தது.

பல பதிப்புகள் எதற்கு?

“ஒரு வீட்டிற்கு ஓர் அம்மி போதாதா? இத்தனை பதிப்புகள் ஏன்?” என்று கேட்பவர் உளர். 2.0, 3.0, 3.5 ஆகிய மூன்றும் ஓர் இயந்திரத்தின் மேல் நிற்பவை. 2010-இல் வந்த 4.0 முதல், 2022-இல் வந்த 4.8.1 வரையுள்ளவை மற்றோர் இயந்திரத்தின் மேல் நிற்பவை. இவற்றுள் புதியது வந்தால் பழையதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும். ஆகவே பெரும்பாலான வீடுகளில் இருவகையே இருக்கும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் நான்காம் வரிசைச் சட்டகம் விண்டோஸின் உறுப்பாகவே உடன் வருகிறது. அதனை ‘நிறுவலாமா’ என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. பழைய மென்பொருள்களுக்கு வேண்டிய 3.5 பதிப்பை மட்டும் தேவை நேரும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றின் வேறாக, 2016 முதல் புதிய கிளை ஒன்றும் வளர்ந்து வருகிறது. 2020-இல் ஐந்தாம் பதிப்பு முதல் அதற்கு டாட் நெட் என்பதே பெயர். ஆண்டுதோறும் நவம்பரில் புதிய பதிப்பு வெளிவருகிறது. பழையவற்றின் பாதுகாப்புக் காலமும் குறுகியதே. ஆறாம் பதிப்பிற்குரிய காலம் 2024 நவம்பரில் முடிந்தது. இப்புதிய கிளை லினக்ஸிலும் இயங்குவது. 2014-இல் அதன் மூலநிரலைத் திறந்து வெளியிடுவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. இந்திய விடுதலை மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கப்பட்ட நகரம் இது. இங்குள்ள அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் கற்பதும் லினக்ஸ் கணினிகளில்தான். மூலநிரல் திறந்திருப்பின் பிழைகளைப் பலர் கண்டு திருத்தலாம் என்பதை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

உண்மையான இடர் எங்கே?

இடர் சட்டகம் இருப்பதில் இல்லை. திருத்தப்படாத பழைய சட்டகம் கிடப்பதில் உண்டு. இதற்குச் சான்று டாட் நெட்டின் மூத்த உறவான ஜாவா. வருமான வரி விவரங்களை ஆயத்தம் செய்ய வரித்துறை அளித்த மென்பொருள் பல ஆண்டுகள் ஜாவாவை வேண்டி நின்றது. ஆதலின் நம் வணிகர் பலரின் கணினிகளில் ஜாவா குடியேறியது. மார்ச், ஜூலை மாதங்களில் அதனை நினைப்போரும், பின்னர் ஆண்டு முழுவதும் மறந்திருப்போருமே மிகுதி. 2013 ஜனவரியில் ஜாவாவின் உலாவிப் பகுதியில் கடுங்குறைபாடு வெளிப்பட்டபோது, அதனை முடக்கி வைக்குமாறு அமெரிக்க அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே மக்களுக்கு அறிவுறுத்தியது. பூட்டு இருப்பது குற்றமன்று. துருப்பிடித்த பூட்டை மாற்றாதிருப்பதே குற்றம்.

மற்றோர் இடர் வஞ்சகரால் வருவது. “உங்கள் டாட் நெட் கெட்டுவிட்டது, நாங்கள் மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம்” என்று தொலைபேசியில் அழைத்து, மேற்சொன்ன நிகழ்ச்சிக் குறிப்பேட்டைத் திறக்கச் செய்து, அதிலுள்ள சிவப்புக் குறிகளைக் காட்டி அச்சுறுத்திப் பணம் பறிப்போர் உளர். நலமாக ஓடும் கணினியிலும் அக்குறிகள் பல இருக்கும். அந்நிறுவனம் கேளாமல் எவரையும் அழைப்பதில்லை. தனித்து வாழும் முதியோர்க்கு இதனை ஒவ்வொரு குடும்பமும் எடுத்துச் சொல்லுதல் கடமை. பணம் பறிபோனால் காலம் தாழ்த்தாது 1930 என்ற எண்ணில் முறையிடல் வேண்டும்.

நம்மவர் கைக்கொள்ளத்தக்கவை

முதலாவது, சட்டகத்தை மைக்ரோசாப்டின் தளத்திலிருந்தோ விண்டோஸின் வழியாகவோ மட்டும் பெறுக. பெயரறியாத் தளங்களில் தனித்தனி டிஎல்எல் கோப்புகளை இறக்கிக்கொள்ளுதல் வேண்டா.

இரண்டாவது, 3.5 பதிப்பு வேண்டப்பட்டால், கட்டுப்பாட்டுப் பலகத்தில் விண்டோஸின் கூறுகளைச் சேர்க்கும் பகுதியை முதலில் பார்க்க. விண்டோஸ் 10-இல் அங்கேயே அதனை இயக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, பட்டியலில் காணும் பழைய பதிப்புகளை இடம் மிச்சப்படுத்தக் கருதி நீக்கற்க. எந்த மென்பொருள் எதனை நம்பியிருக்கிறது என்பது வெளிப்படத் தெரியாது.

நான்காவது, நிறுவியபின் தோன்றும் மந்தத்தைப் பொறுத்திருந்து கடக்க. கணினியை ஓர் இரவு இயங்கவிட்டு, காலையில் ஒருமுறை அணைத்து மூட்டிப் பார்த்தபின் முடிவு செய்க.

ஐந்தாவது, சட்டகமே பழுதுபட்டதாகத் தோன்றின், மைக்ரோசாப்ட் அளிக்கும் பழுதுநீக்கும் கருவியை முதலில் பயன்படுத்துக. வட்டை அழிப்பது கடைசி வழி. முதல் வழி அன்று.

ஆறாவது, இவை எல்லாவற்றிலும் தலையாயது: கணக்குகளையும் படங்களையும் வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து வைக்க. மாதம் ஒரு முறை போதும். படி உள்ளவரை எவரும் அச்சுறுத்த இயலாது.

அயலூரில் வாழும் நமக்கு ஆவணங்களின் அருமை நன்கு தெரியும். பாட்டனார் காலத்துப் பத்திரமும், பிறப்புச் சான்றும், பள்ளிச் சான்றும் எந்த அலுவலகத்தில் எப்போது கேட்கப்படும் என்று அறியோம். ஆதலின் அவற்றைப் பெட்டியில் வைத்துப் போற்றுகிறோம். இன்று அப்பெட்டியின் பெரும்பகுதி கணினிக்குள் சென்றுவிட்டது. அதனைக் காக்க வேண்டியது செவிவழிச் செய்தியால் அன்று. பொருளின் இயல்பறிந்த நிதானத்தால். ஒரு மென்பொருள் சட்டகத்தைக் கேட்டால், அம்மென்பொருள் நமக்கு வேண்டியதா, நம்பத்தக்க இடத்திலிருந்து வந்ததா என்று முதலில் கேட்போம். இரண்டிற்கும் ஆம் என்பதே விடையாயின், சட்டகத்தை அச்சமின்றி நிறுவிக்கொள்ளலாம்.